பெண்கள் சிறையில் யாருக்கு இடம்? கலிஃபோர்னியாவின் எஸ்.பி. 132 சட்டம் சொல்வது

அமெரிக்காவில் தண்டனை பெற்ற ஒருவரை ஆண்கள் சிறைக்கு அனுப்புவதா, பெண்கள் சிறைக்கு அனுப்புவதா என்பதை அதிகாரிகள் நெடுங்காலம் உடற்கூற்றைப் பார்த்தே முடிவுசெய்து வந்தனர். திருநர் கைதிகள், அதாவது பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலின அடையாளம் கொண்ட கைதிகள், போன்றோருக்காக அந்த வழக்கத்தைக் கலிஃபோர்னியா மாற்றியது. மாநில செனட் உறுப்பினர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 132 மசோதாவில் ஆளுநர் கேவின் நியூசம் 2020 செப்டம்பரில் கையெழுத்திட்டார். 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. "பெண் என்று வாயால் சொன்னால் போதும், உடனே பெண்கள் சிறைக்கு மாற்றிவிடுவார்கள்" என்று பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். சட்டத்தின் வாசகம் அப்படி இல்லை.

சட்டம் வந்ததற்கான காரணம் மிகவும் வேதனையானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் அம்மாநிலத்தின் ஆண்கள் சிறைகளில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், திருநர் கைதிகளில் 59 விழுக்காட்டினர் தாங்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கைதிகளில் அந்த அளவு 4.4 விழுக்காடு. தண்டனை என்பது சுதந்திரத்தைப் பறிப்பதே தவிர, ஒருவரை வன்முறைக்கு ஒப்புக்கொடுப்பது அல்ல.

சட்டத்தின்படி, சிறைக்குள் வருபவரைப் பதிவுசெய்யும்போது, பிறர் காதில் விழாத தனியிடத்தில் வைத்துச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அவருடைய பாலின அடையாளம் என்ன, அவர் திருநரா, ஆண், பெண் என்ற இரு வகைக்குள் அடங்காதவரா, இடையிலிங்கத்தவரா (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடற்கூற்றோடு பிறந்தவரா), அவரை எப்படிக் குறிப்பிட வேண்டும், உடற்சோதனையை ஆண் காவலர் செய்ய வேண்டுமா பெண் காவலர் செய்ய வேண்டுமா என்பவை அவற்றில் அடங்கும். திருநர், இடையிலிங்கத்தவர் போன்றோரிடம் எந்தச் சிறையில் இருக்க விரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்ல மறுப்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது. முதல் நாளில் பயந்து வாய்திறக்காதவர் பின்னர் எப்போது சொன்னாலும், அதே நடைமுறையை மீண்டும் தொடங்க வேண்டும்.

விருப்பத்தைச் சொன்னபின் அது தானாக நிறைவேறிவிடாது. சிறை நிர்வாகத்துக்கோ பாதுகாப்புக்கோ இடையூறு வரும் என்றால் மாநிலச் சிறைத் துறை மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு முன், அதற்கான குறிப்பிட்ட காரணத்தைத் துறைச் செயலரோ அவர் நியமித்தவரோ எழுத்தில் உறுதிசெய்து, அதன் படியைக் கைதியிடம் தர வேண்டும். அவர் தம் ஆட்சேபத்தை வாய்மொழியாகச் சொல்ல வாய்ப்பளித்து அதையும் பதிவுசெய்ய வேண்டும். பிறப்புறுப்பு உள்ளிட்ட உடலமைப்பையோ, பாலியல் நாட்டத்தையோ, அந்தச் சிறையில் ஏற்கெனவே இருப்பவர்களிடமும் காணப்படும் ஓர் அம்சத்தையோ காரணமாகக் காட்டக் கூடாது. இந்த எழுத்துப்பூர்வ மறுப்பைத்தான் சட்டத்தின் முதுகெலும்பு என்று கருதுகிறேன்; நடைமுறையில் விண்ணப்பங்களில் ஒப்புதல் பெற்றவை சிறுபகுதியே.

பெண்கள் சிறையில் ஏற்கெனவே இருப்பவர்களின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. சௌச்சில்லாவிலுள்ள மத்திய கலிஃபோர்னியா பெண்கள் சிறையில் எட்டுப் பேர் வரை ஓர் அறையில் தங்குகிறார்கள். கழிப்பறையும் குளியலிடமும் அந்த அறைக்குள்ளேயே உள்ளன. அங்கிருக்கும் பெண்களில் பெரும்பாலோர் சிறைக்கு வருமுன்பே ஆண்களின் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்தச் சட்டம் தங்கள் உரிமைகளைப் பறிக்கிறது என்று பெண் கைதிகள் நால்வர் 2021 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஆண்கள் சிறையிலிருந்து அங்கு மாற்றலாகி வந்த கைதி ஒருவர் மீது 2024-இல் வன்புணர்வுக் குற்றச்சாட்டும் பதிவாயிற்று. அதே சிறையின் முன்னாள் காவலர் ஒருவர், பெண் கைதிகளைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 64 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று 2025 ஜனவரியில் தீர்ப்பளிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்பெண்களுக்கு ஆபத்து பல திசைகளிலிருந்து வருகிறது, புகாரை உடனே விசாரிக்கும் கடமை நிர்வாகத்துடையது. இடமாற்றம் பெற்ற திருநர் தம் உடல்நலனோ பாதுகாப்போ கெடுகிறது என்று எப்போது சொன்னாலும், அவருடைய இருப்பிடத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

வேறு மாநிலங்கள் எதிர்த்திசையில் சென்றுள்ளன. லூசியானா 2024-இலும் டெக்சாஸ் 2025-இலும், பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்தையே சிறை ஒதுக்கீட்டுக்கு அளவுகோலாக்கின. 2025 ஜனவரி 20 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் பிறப்பித்த ஆணையும் அதையே சொல்கிறது. ஆனால் அது கூட்டாட்சிச் சிறைகளுக்கு உரியது. 2003-இன் சிறைப் பாலியல் வன்முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 2012-இல் வந்த விதிகளோ, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து, ஆண்டுக்கு இருமுறையாவது மறுபார்வை செய்யச் சொல்கின்றன.

எஸ்.பி. 132 மாநிலச் சிறைகளுக்கு மட்டுமே பொருந்தும். விசாரணைக் கைதிகளையும் குறுகிய தண்டனை பெற்றவர்களையும் வைக்கும் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சிறைகள் இதற்குள் வராது. ஆகவே உறவினர் ஒருவருக்காக விசாரிப்பவர், அவர் எந்த வகைச் சிறையில் இருக்கிறார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.