பிரவுன்ஃபீல்டு வேலைப் பயிற்சி: சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் வேலை ஏன் வருவதில்லை

அமெரிக்காவில் ஆலை மூடிப் போய், மண்ணில் ஈயமும் எண்ணெயும் கல்நாரும் தங்கிவிட்ட நிலத்துக்கு பிரவுன்ஃபீல்டு என்று பெயர். அதைச் சுற்றிக் குடியிருக்கும் வேலையில்லாதவர்களுக்கு, அந்த மாசை அகற்றும் வேலையையே கற்றுக்கொடுக்க மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ. 1998 முதல் மானியம் தருகிறது. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. பின்னணி இவ்வளவு போதும்.

பலர் முதலில் ஈ.பி.ஏ. அலுவலகத்துக்குத்தான் போன் செய்கிறார்கள். அங்கே தனி ஆளின் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். பணம் நகராட்சி, தொண்டு நிறுவனம், சமுதாயக் கல்லூரி, பழங்குடி அரசு போன்ற அமைப்புகளுக்குப் போகிறது. ஆள் எடுப்பதும் அவர்கள்தான். யாருக்கு மானியம் கிடைத்தது என்ற பட்டியல் ஈ.பி.ஏ. இணையதளத்தில் ஊர்வாரியாக இருக்கிறது. ஆனால் மானியம் சில வருடங்களில் முடிந்துவிடும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் படித்த இடத்தில் இந்த வருடம் வகுப்பே இல்லாமல் போகலாம். அதனால் நேரில் அலையும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: மானியம் இப்போது நடப்பில் இருக்கிறதா? அடுத்த மாணவர் அணிக்கு அறிமுகக் கூட்டம் எந்தத் தேதி? அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டால், அடுத்த அணி வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சேர்க்கையில் ஆட்கள் கழிவது பெரும்பாலும் காகிதத்தில்தான். முகவரிச் சான்று மானியத்துக்குரிய பகுதிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர் பெயரில் வாடகை ஒப்பந்தமும் இருக்காது, மின்கட்டண ரசீதும் இருக்காது. வேறு எந்தக் காகிதத்தை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாசிப்பு, கணக்குத் தேர்வும் போதைப்பொருள் சோதனையும் பல இடங்களில் உண்டு. ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் படித்து முடித்த பிறகுதான் மாட்டிக்கொள்வார்: மாசு அகற்றும் தளங்கள் பல பஸ் போகாத இடத்தில் இருக்கும், வேலையோ விடியற்காலையில் தொடங்கும்.

சில அமைப்புகள் மத்தியத் தொழிலாளர் மேம்பாட்டு நிதியான வயோவா பணத்தையும் சேர்த்து வகுப்பு நடத்துகின்றன. அப்போது ஆண்களிடம் 'செலக்டிவ் சர்வீஸ்' பதிவைக் கேட்பார்கள்; தேவைப்பட்டால் ராணுவத்துக்கு அழைப்பதற்காக இளம் வயது ஆண்கள் பெயர் கொடுக்க வேண்டிய பதிவு அது. 26 வயது ஆன பிறகே அமெரிக்காவுக்கு வந்தவருக்கு அந்தக் கடமை இல்லை. முதல் வருகைத் தேதி தெரியும் ஆவணத்தோடு போங்கள்; 'பதிவு இல்லை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் மேலதிகாரியைக் கேளுங்கள்.

அதிகம் பேருக்குப் பணம் பறிபோவது வேலையின்மை உதவித்தொகையில். உதவித்தொகை வாங்குபவர் 'வேலைக்குத் தயாராக இருக்கிறேன்' என்று வாராவாரம் உறுதி சொல்ல வேண்டும். பகல் முழுக்க வகுப்பில் இருப்பவர் தயாராக இல்லை என்று தொகையை நிறுத்துவார்கள். ஏற்கெனவே கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதும் உண்டு. மாநில அலுவலகம் அங்கீகரித்த பயிற்சியில் இருந்தால், அதைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது என்பது மத்தியச் சட்டம். அந்த அங்கீகாரத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் வகுப்பு தொடங்கும் முன்பே. பயிற்சி நடத்துபவர் 'அதெல்லாம் பிரச்சினை வராது' என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. பயிற்சிக்காலப் படி கொடுத்தால், அது உணவு உதவி போன்றவற்றைக் குறைக்குமா என்றும் முதலிலேயே கேளுங்கள்.

இனி சான்றிதழ். இந்தப் பயிற்சியின் முதுகெலும்பு, அபாயக் கழிவுத் தளங்களில் வேலை செய்வோருக்கான ஹேஸ்வோப்பர் என்னும் 40 மணி நேர வகுப்பு. தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி அதோடு நிற்கவில்லை. 40 மணி நேரத்துக்கு மேல், அனுபவமுள்ள மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் 3 நாள் களப்பணியும் வேண்டும். வகுப்பு அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஒப்பந்தக்காரர் 'அனுபவம் இல்லை' என்று திருப்புவார். அந்த 3 நாளை யார் தருவார்கள், எழுத்தில் தருவார்களா என்பதைச் சேரும்போதே கேட்க வேண்டும். 24 மணி நேர வகுப்பு எப்போதாவது தளத்துக்கு வந்துபோகிறவர்களுக்கானது. மண் அள்ளும் ஆளுக்குப் போதாது. கணினி முன் உட்கார்ந்து மட்டும் முடித்த வகுப்பும் போதாது. பாதுகாப்பு உடையையும் முகமூடியையும் கையால் எடுத்துப் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

முகமூடியில் சறுக்குகிறவர்கள் நிறையப் பேர். ரெஸ்பிரேட்டர் என்னும் இந்தச் சுவாச முகமூடியைப் போடும் முன் மருத்துவ மதிப்பீடு, பிறகு அது முகத்தில் கசிவில்லாமல் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட். வாழைப்பழ எண்ணெய் மணம் அல்லது கசப்பு நீராவி சூழ, தலையைத் திருப்பி, குனிந்து, உரக்கப் பேசி, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் செய்ய வேண்டும். மணமோ கசப்போ தெரிந்தால் காற்று கசிகிறது என்று பொருள். முகமூடியின் விளிம்பு படும் இடத்தில் தாடி இருந்தால் சோதனையே நடத்த மாட்டார்கள். அன்று காலை சவரம் செய்துவிட்டுப் போங்கள். தேறினாலும் அந்தச் சீட்டு அந்தத் தயாரிப்பு, அந்த மாடல், அந்த அளவுக்கு மட்டும்தான். புது முதலாளி வேறு முகமூடி கொடுத்தால் மறுபடி சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறை அணியும்போதும் இரு வடிகட்டிகளையும் உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுங்கள். முகமூடி லேசாக உள்வாங்கி 10 நொடி அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டையைச் சரிசெய்யாமல் உள்ளே போகாதீர்கள்.

இந்த மருத்துவச் சோதனைகளின் செலவு முதலாளியுடையது. 'நீ போய் எடுத்துக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம்' என்று தலையில் கட்டினால் கொடுக்காதீர்கள்.

ஹேஸ்வோப்பருக்கு வருடம் தோறும் 8 மணி நேரப் புதுப்பிப்பு உண்டு. சில வாரம் தவறிவிட்டால் 40 மணி நேரத்தையும் மறுபடி காசு கட்டிப் படிக்கச் சொல்லும் பயிற்சிக்கடைகள் இருக்கின்றன. அப்படிக் கட்டாயம் இல்லை. எவ்வளவு மறந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே ஓஷாவின் விளக்கம். கல்நார் அகற்றும் வேலைக்கான சான்று வேறு கதை. தொழிலாளிக்கு 4 நாள் வகுப்பு, ஒரு வருடத்தில் காலாவதி. அதோடு பல மாநிலங்களில் தனி உரிமமும் வாங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். வகுப்பை முடித்த சான்றை உரிமம் என்று நம்பித் தளத்துக்குப் போய் வாசலில் நின்றவர்கள் உண்டு. உரிமக் கட்டணத்தை மானியத்தில் தருவார்களா என்று கேளுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் சொற்களிலும் பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும் என்று ஓஷா 2010-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. புரியவில்லை என்று சொல்ல உரிமை இருக்கிறது. இரசாயனத்தின் ஆபத்தைச் சொல்லும் விவரத்தாளில் இருப்பது புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை கிடைத்த முதல் நாளே ஒன்றைப் பாருங்கள். ஈ.பி.ஏ.யின் பிரவுன்ஃபீல்டு மானியத்தில் நடக்கும் மாசு அகற்றும் பணிக்கு டேவிஸ்-பேக்கன் சட்டப்படி அந்த வட்டாரத்தில் நிலவும் கூலி தர வேண்டும், வாரா வாரம். கூலி அட்டவணை தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் வேலை எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது என்று அதில் தேடுங்கள். கீழ்வகையில் பெயரை எழுதிவைத்து மேல்வகை வேலை வாங்கினால் வாரத்துக்கு வாரம் கூலி குறையும். அட்டவணையைக் கைபேசியில் படம் எடுத்து, வேலை செய்த மணி நேரத்தை நீங்களே ஒரு நோட்டில் எழுதி, சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். தொழிலாளர் துறையின் கூலிப் பிரிவுக்குப் புகார் கொண்டுபோனால், அங்கே முதலில் கேட்பது இவற்றைத்தான்.