விரிபட்டி: 'கீழ்தோன்றும் மெனு' வேண்டாம்

'கீழ்தோன்றும் மெனுவிலிருந்து உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்.'

இந்த வரியை எத்தனையோ அகப்பக்கங்களில் பார்த்துவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் ஏதோ உறுத்தும், ஆனால் வேலை கிடக்கிறதே என்று கடந்துவிடுவேன். போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் ஆலயத்தின் சமய வகுப்புக்காகப் பதிவுப் படிவம் செய்து கொடுத்தேன். படிவத்துக்கான தமிழ் வரிகளைச் செயலவையே யாரிடமோ மொழிபெயர்த்து வாங்கிக் கொடுத்திருந்தது. அதிலும் இதே வரி. அப்படியே போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதும்தான்.

பிள்ளையைப் பதிய வந்த ஓர் அக்கா என் மடிக்கணினியிலேயே படிவத்தை நிரப்பினார். பெயர், பிறந்த நாள், தமிழ்ப்பள்ளி எல்லாம் வேகமாகப் போயின. மாநிலம் என்ற இடம் வந்ததும் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டுப் பக்கத்தை மளமளவென்று கீழே தள்ளினார். அடியில் ஆலயத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருந்தன. மறுபடி மேலே வந்தார், மறுபடி கீழே போனார். "பட்டியலக் காணோமே தம்பி, போட மறந்துட்டீங்களா?" என்றார்.

"அந்தப் பெட்டிய அழுத்துங்கக்கா, விரியும்" என்றேன். அழுத்தினார். ஜொகூர் தொடங்கிப் பதின்மூன்று மாநிலங்களும் மூன்று கூட்டரசுப் பிரதேசங்களும் விரிந்தன. பெட்டி திரையின் அடியில் இருந்ததால் உலாவி (பிரவுசர்) பட்டியலை மேல்நோக்கித் திறந்திருந்தது. "கீழன்னு போட்டுட்டு மேல போகுதே" என்றார் அவர்.

அவர் பக்கத்தைக் கீழே தள்ளியது அறியாமையால் அல்ல. அவர் தமிழைச் சரியாகப் படித்தார். தமிழ்ப் பத்திரங்களில் 'கீழ்க்காணும் பட்டியல்', 'கீழ்க்கண்ட விவரங்கள்' என்றால் பக்கத்தில் இனி வரப்போகிறது என்று பொருள். பள்ளிச் சுற்றறிக்கையிலிருந்து திருமண அழைப்பிதழ் வரைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம். அந்தப் பழக்கத்தில் ஊறியவர் 'கீழ்தோன்றும்' என்று படித்தால் கீழேதான் தேடுவார். ஒருவரை அவருடைய மொழியறிவே வழி தப்ப வைக்கிறது என்றால், சொல்லைத்தான் மாற்ற வேண்டும். இதில் சந்திப் பிழை வேறு. கீழ்க்காணும், கீழ்த்திசை என்று வல்லினம் மிகுத்து எழுதுகிற நாம் இங்கே மட்டும் ஏன் 'கீழ்தோன்றும்' என்று விடுகிறோம்?

மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'மெனு' பிரெஞ்சுச் சொல். நுணுக்கமான, சிறிய என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்து, விவரப் பட்டியலைக் குறித்தது. சாப்பாட்டுக் கடைக்கு அப்படித்தான் போனது, கணினிக்கு அங்கிருந்து வந்தது. 1983இல் வந்த ஆப்பிள் லிசா கணினியில் மேல் ஓரத்துச் சொல்லின்மீது சுட்டியை (மவுஸை) அழுத்திப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும், வேண்டிய வரியில் விரலை எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதை 'புல்-டவுன்' என்றார்கள், அதாவது கீழே இழுப்பது. ஒரு தடவை சொடுக்கினால் தானே இறங்கி நிற்கிற வகைக்கு 'டிராப்-டவுன்' என்று பெயர் வந்தது. அன்றைக்குக் கண்ணால் பார்த்ததற்கு அவர்கள் பெயர் வைத்தார்கள். அவர்கள் பார்த்ததற்கு அது பொருந்தியது. மலாய் மொழியில் 'ஜுந்தாய் பாவா' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கிளையிலிருந்து ஏதோ தொங்குவதுபோல் ஒரு படம் மனத்தில் வருகிறது. அவர்களும் தங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நாம்தான் அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறோம்.

'கீழ்' என்ற சொல்லை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம், அந்தப் பட்டியல் எந்தத் திசையில் திறக்கும் என்று அதைக் கட்டுகிற எனக்கே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான். படிவத்தில் வருகிற தேர்வுப் பெட்டியை வரைவது உலாவியும் இயங்குதளமும். இடமிருந்தால் கீழே, இல்லாவிட்டால் மேலே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோம் அதைத் திரைக்கு நடுவில் தனிப் பலகையாகக் காட்டும். ஐபோனில் பல ஆண்டுகள் திரையின் அடியில் சக்கரம்போல் உருண்டது. ஒரே நிரல், ஒரே படிவம், நாலு இடத்தில் நாலு விதம். ஆலயப் பதிவுக்கு வருகிற பெற்றோரில் பெரும்பாலோர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த இணைப்பைத் தொட்டுக் கைப்பேசியில்தான் திறக்கிறார்கள். அவர்களிடம் போய் எதைக் 'கீழே' என்பது?

பக்கத்தின் உச்சியில் 'எங்களைப் பற்றி', 'பூசைகள்', 'வகுப்புகள்' என்று நிற்கிற பட்டியும் அப்படித்தான். முதல் அடுக்கு கீழே திறக்கும். அதற்குள் இருக்கிற அடுத்த அடுக்கு பக்கவாட்டில் திறக்கும். திரையின் வலது ஓரத்தை ஒட்டி இருந்தால், ஒழுங்காகக் கட்டியவர் அதை இடப்பக்கம் திருப்பியிருப்பார்.

சரி, கீழ் வேண்டாம் என்றால் வேறு என்ன என்று கேட்பீர்கள். 'கீழிறங்கு பட்டி' என்பார்கள், அதே நோய்தான். 'கீழ்விரி பட்டி' பாதி தேறுகிறது, பின்பாதி. 'துளி-கீழ்' என்று ஒரு விளக்கக் குறிப்பில் பார்த்தேன். 'டிராப்' என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் துளி என்று கிடைத்திருக்கும், எடுத்துப் போட்டுவிட்டார்கள். இன்னொன்றில் 'கைவிடு பட்டி' என்று இருந்தது. மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க வந்தவர் எதைக் கைவிடுவது? இவற்றுக்குப் பதில் 'டிராப்-டவுன்' என்றே எழுதிவிடலாம். தூய தமிழ் என்ற பெயரில் பொருள் தராத சொல்லை வைப்பதைவிடப் பொருள் தெரிந்த இரவல் சொல் மேல் என்பது என் கட்சி.

ஆனால் இங்கே இரவல் வாங்க வேண்டியதே இல்லை. 'விரி' இருக்கிறது. பாயை விரிக்கிறோம், குடையை விரிக்கிறோம், பூ விரிகிறது, மயில் தோகையை விரிக்கிறது. உள்ளே மடங்கி இருந்தது வெளியே பரவித் தெரிகிறது என்ற பொருளை இந்த ஒரு சொல்லே தருகிறது, திசையைக் கட்டிப்போடாமல். எதிர்ச்சொல்லும் கூடவே வருகிறது: விரித்ததை மடிக்கலாம். செந்தூல் அக்காவிடம் யோசிக்காமல் என் வாயில் வந்ததும் அதுதான், அவருக்கு உடனே புரிந்ததும் அதுதான். விரிகுடா, விரிதாள் என்று ஏற்கெனவே பழகிய சொற்களின் வரிசையில் விரிபட்டி இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். வினைத்தொகை என்பதால் விரிந்த, விரிகிற, விரியும் என்று மூன்று காலத்தையும் அடக்கிக்கொள்ளும். சொடுக்கும் முன்னும் பின்னும் அதே பெயர் பொருந்துவது எவ்வளவு வசதி!

பட்டி என்றால் ஆட்டுப்பட்டி அல்லவா என்று ஒரு தமிழாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கணினித் தமிழில் 'மெனு' என்பதற்குப் பட்டி என்று எழுதுவது ஏற்கெனவே பழகிவிட்டது. ஆடுகளை ஓரிடத்தில் அடைப்பதுபோல் கட்டளைகளை ஓரிடத்தில் சேர்த்து வைப்பது என்று கொண்டால் பொருளும் இடிக்காது. பட்டியல் வேறு. படிவத்தில் ஒன்றைத் தெரிவு செய்வதற்காக வருவது தேர்வுப் பட்டியல். பக்கம் பக்கமாகப் போவதற்கு வழி காட்டுவது விரிபட்டி.

இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை போதும். 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 என்ற உலாவி, சுட்டி மேலே நிற்பதை இணைப்புச் சொற்களில் மட்டுமே கண்டுகொள்ளும், பட்டியின் மற்ற உறுப்புகளில் கண்டுகொள்ளாது. அதனால் மற்ற உலாவிகளில் அழகாக விரிந்த பட்டி அதில் அசையாமல் கிடந்தது. 2003இல் 'சக்கர்ஃபிஷ்' என்ற பெயரில் பரவிய முறை, சில வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சேர்த்து இதைச் சரிசெய்தது. அப்புறம் பார்த்தால் அதே உலாவியில் இன்னொரு தொல்லை: விரிந்த பட்டியைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்த தேர்வுப் பெட்டி மேலே தெரியும். எது மேலே, எது அடியில் என்று சொல்கிற அடுக்கு எண்ணை எப்படிக் கொடுத்தாலும் கேட்காது. இதை 'கீழ்தோன்றும் மெனுவின் மேல் கீழ்தோன்றும் மெனு தெரிகிறது' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? 'விரிபட்டியின் மேல் தேர்வுப் பட்டியலின் பெட்டி தெரிகிறது' என்றால் ஒரே வாசிப்பில் புரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லா உலாவியிலும் ஒழுங்காக இயங்குவதைக் 'குறுக்கு உலாவி இணக்கத்தன்மை' என்று எழுதுகிறார்கள். தமிழில் குறுக்கு என்றால் குறுக்கு வழி, குறுக்குப் புத்தி, குறுக்கே நிற்பது. ஒன்றும் நல்ல பொருளில் இல்லை. 'பல உலாவிப் பொருத்தம்' என்றால் என்ன குறைந்துவிடும்? சுட்டியை ஒன்றின் மேல் நிறுத்துவதை 'வட்டமிடு' என்கிறார்கள். பருந்துதான் வட்டமிடும். 'மேலே நிறுத்தினால்' என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். இதையெல்லாம் மொழிபெயர்க்கிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு முறையாவது திறந்து, சொடுக்கிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். சொல் மட்டும் தனியாக ஒரு கட்டத்தில் வந்து விழுகிறது, அதற்கு நேரே தமிழை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கூலிக்குச் செய்கிறவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சரிபார்க்காமல் போட்டுவிடுகிற என்னைப் போன்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆலயப் படிவத்தில் அந்த வரியை அன்றிரவே மாற்றினேன். இப்போது அங்கே இருப்பது: 'பெட்டியை அழுத்தினால் பட்டியல் விரியும். உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள்.'

எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். விரிபட்டிதான், 'விரிப்பட்டி' அல்ல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை யாரும் 'ஊறுக்காய்' என்று எழுதுவதில்லையே.