ஸ்டிக்கர் பொட்டும் போடாக்ஸ் ஊசியும்

கொஞ்ச நாள் முன்னால் தெரிந்தவர் ஒருவரின் அழகு ஊசி போடும் கிளினிக்கில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். புதுசாகத் திறந்த இடம், கண்ணாடிக் கதவு, உள்ளே நுழைந்தால் எலுமிச்சைப்புல் வாசம், சுவரில் ஆர்க்கிட் படம். ஊசி போடும் அறையில் ஒரு ஸ்டீல் டிரே. அதில் 30 மில்லி லிக்னோகைன் (மரத்துப்போக வைக்கும் மருந்து) பாட்டில் ஒன்று இருந்தது, அதன் ரப்பர் மூடியில் ஒரு பெரிய நீடில் குத்தினபடியே நின்றுகொண்டிருந்தது.

"சிஸ்டர், இது எப்பக் குத்தினது?"

"காலையில இருந்தே இருக்கு டாக்டர். ஒவ்வொரு தடவையும் புதுசா குத்த வேண்டாம் பாருங்க, சிரிஞ்சை மாட்டினா போதும், எடுத்துக்கலாம்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. யாரோ ஒரு சீனியர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார், அந்த சீனியருக்கு இன்னொரு சீனியர். நானே ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இப்படிப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அந்த நீடில் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். பாட்டிலுக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது, பக்கத்தில் போகிற கை, தூசி, இருமல் எல்லாவற்றுக்கும். அதைவிட மோசம், ஒருவரின் தாடையில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு "இன்னும் ஒரு மில்லி வேணும்" என்று அதே சிரிஞ்சைத் திரும்பக் கொண்டுவந்து அந்த நீடிலில் மாட்டினால், அந்த நிமிஷத்திலிருந்து பாட்டிலில் இருப்பது வெறும் லிக்னோகைன் இல்லை. அதற்கப்புறம் வருகிற எட்டு பேருக்கும் அதில் பங்கு உண்டு.

"நீடிலைத்தான் மாத்திடறோமே" என்பார்கள். நீடிலை மாற்றுவது போதாது. மருந்தைச் செலுத்திவிட்டு வெளியே எடுக்கும்போதும் நீடிலைக் கழற்றும்போதும் துளியூண்டு திசுநீரும் ரத்தமும் சிரிஞ்சுக்குள் பின்வாங்கும், கண்ணுக்குத் தெரியாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு அந்தத் துளி தாராளம். காய்ந்துபோன மேஜையில்கூட 7 நாள் உயிரோடு இருக்கிற கிருமி அது. கிருமி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஒரு தடவை குத்தினால் தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.க்கு ஆயிரத்தில் 3, ஹெபடைடிஸ் சி-க்கு நூற்றில் 2-க்கும் குறைவு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி நூற்றில் 6 முதல் 30 வரை. எல்லாரும் எச்.ஐ.வி.யை நினைத்துத்தான் பயப்படுகிறோம், நம் ஊரில் இதற்கு முன்னால் ஆளை வாரிக்கொண்டு போனது ஹெபடைடிஸ் பி. 2009-ல் குஜராத்தின் மோடாசாவில், திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சிரிஞ்சுகளால் பரவி 80 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்கள் அழகுக்காக ஊசி போட்டுக்கொண்டவர்கள் இல்லை, சாதாரண காய்ச்சல், சளி என்று டாக்டரிடம் போனவர்கள்.

அழகு ஊசியிலேயே நடந்த கதை வேண்டுமா, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கிறது. 2018 கோடையில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. என்று தெரிகிறது. வேறு எந்தக் காரணமும் பொருந்தவில்லை, ஒரு ஸ்பாவில் 'வாம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்டதைத் தவிர. அதாவது நாம் பி.ஆர்.பி. என்கிறோமே, நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துகிற மைக்ரோநீடிலிங்கோடு முகத்தில் ஏற்றுவது. அதிகாரிகள் போய்ப் பார்த்தால், சமையலறை மேடையில் பெயர் ஒட்டாத ரத்த டியூப்கள். சாப்பாடு வைக்கிற ஃபிரிட்ஜிலேயே இன்னும் சில டியூப்கள், பக்கத்தில் முகச் சுருக்கத்துக்குப் போடுகிற போடாக்ஸும் லிக்னோகைனும். உறை பிரித்த சிரிஞ்சுகள் டிராயரிலும் சாதாரணக் குப்பைத்தொட்டியிலும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்று ஒன்று கிடையாது. அந்த இடம் மூடப்பட்டது, ஆனால் விசாரணை 2023 வரை நீண்டது. 3 வாடிக்கையாளர்களுக்கு அங்கேதான் தொற்றியது என்று ஆதாரம் காட்டுகிறது, கிருமி எந்த ரத்தத்திலிருந்து வந்தது என்பது கடைசிவரை பிடிபடவில்லை. அங்கே ஆபத்துப் பட்டியலில் இருந்தவர்கள் 59 பேர். அதில் 20 பேர்தான் வாம்பயர் ஃபேஷியல் செய்தவர்கள், மீதி 39 பேர் போடாக்ஸ் மாதிரி மற்ற ஊசிகளுக்கு வந்தவர்கள். "நாங்க பி.ஆர்.பி. பண்றதில்லையே" என்று சொல்லும் நண்பர்களுக்காக அந்த 39-ஐச் சொல்கிறேன்.

நம் ஆட்கள் இவ்வளவு மோசமில்லை என்று நீங்கள் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். நம்முடைய தப்புகள் சின்னச் சின்னது. ஸ்பிரிட்டில் ஊறவைத்த பஞ்சு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அது இல்லாத கிளினிக் எனக்குத் தெரிந்து கிடையாது. காலையில் பஞ்சைப் பிய்த்துப் போட்டு ஸ்பிரிட் ஊற்றி வைப்பார்கள், மதியத்துக்குள் பாதி ஆவியாகியிருக்கும், பத்துத் தடவை விரல் உள்ளே போயிருக்கும், சாயந்திரம் அடியில் கிடக்கிற கடைசிப் பஞ்சு எதைச் சுத்தம் செய்யும்? இப்படி ஊறவைத்து வைக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே தெளிவாக எழுதிவிட்டது. தனித்தனி உறையில் வருகிற ஸ்வாப் வாங்குங்கள், பெரிய காசில்லை.

அப்புறம் மேக்கப். ஃபங்ஷனுக்குப் போகிற வழியில் வந்தேன் டாக்டர் என்று முழு மேக்கப்போடு உட்காருவார்கள். அதன்மேல் ஸ்பிரிட் தடவினால் ஃபவுண்டேஷனைப் பரப்பிவிடுகிறோம், அவ்வளவுதான். நான் முதலில் வாஷ்பேசினுக்கு அனுப்பிவிடுவேன், வந்தபின் நானும் ஒருமுறை துடைப்பேன், அதற்கப்புறம்தான் ஆன்டிசெப்டிக். குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து, ஆனால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், காதுக்குள் போனால் கேட்கும் திறனைக் கெடுக்கும், அதனால் கண் பக்கம் போவிடோன் அயோடின். எதைத் தடவினாலும் காயும்வரை காத்திருக்க வேண்டும், அதுதான் யாருக்கும் முடியாத காரியம். ஈரமாக இருக்கும்போதே குத்திவிடுகிறோம்.

கிளவுஸ் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பது இன்னொன்று. 'பிஃபோர்' எடுத்தாயிற்று, கிளவுஸ் மாட்டியாயிற்று, இரண்டு ஊசி போட்டதும் "ஒரு நிமிஷம், இந்தப் பக்கம் திரும்புங்க" என்று அதே கையால் போனை எடுத்து ஒரு கிளிக், மறுபடி ஊசி. நாள் முழுக்க கார், லிஃப்ட், ஹோட்டல் மேஜை என்று சுற்றிவந்த போன் அது. போட்டோவுக்கு வேறு ஆளை நிறுத்துங்கள், இல்லையென்றால் கிளவுஸை மாற்றுங்கள், மாற்றும்போது நடுவில் கையைக் கழுவுங்கள்.

கன்னம், உதடு மாதிரி இடங்களை நிரப்பப் போடுகிற ஃபில்லர் விஷயத்தில் இதெல்லாம் இன்னும் கறாராக இருக்க வேண்டும், ஏனென்றால் போடாக்ஸ் கரைந்து போகிற திரவம், ஃபில்லர் மாதக்கணக்கில் உள்ளேயே தங்குகிற ஜெல். அதோடு சேர்ந்து உள்ளே போகிற கிருமிகள் ஒரு படலம் கட்டிக்கொண்டு பதுங்கிவிடும், வாரங்கள் கழித்துத் தலைகாட்டும். எனக்கே ஒருமுறை நடந்தது. கன்னத்தில் ஃபில்லர் போட்ட ஒரு அம்மா, நாலாவது வாரம் சிவந்த கட்டியோடு வந்தார். வழக்கமான ஆன்டிபயாடிக் கொடுத்தேன், அசையவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. மைகோபாக்டீரியாவுக்கென்று தனியாகக் கேட்டு அனுப்பியபோதுதான் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் வளர்ந்தான், குழாய்த் தண்ணீரில் குடியிருக்கிற, குளோரினுக்கும் அசராத வகை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார், என்னைத் திட்டவில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்று சாயந்திரம் கிளினிக் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் டிரேயை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீக்கம் குறைய ஊசி போட்ட இடத்தில் ஐஸ் வைப்போம் இல்லையா, குழாயில் பிடித்த தண்ணீரை உறையவைத்து, காஸ் துணியில் சுற்றி, உருக உருக அந்தத் துளைகளின் மேலேயே. அன்றோடு நிறுத்தினேன். இப்போது மூடிய ஜெல் பேக், துடைத்து, ஸ்டெரைல் காஸ் சுற்றி. ஊசிக்கு முன்னால் வைப்பதாக இருந்தால் அதை வைத்து முடித்துவிட்டுத்தான் தோலைச் சுத்தம் செய்கிறேன். இந்த மாதிரி கட்டிகளுக்கு எடுத்த எடுப்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடாதீர்கள், அடங்கின மாதிரி இருந்துவிட்டு பெரிதாகக் கிளம்பும்.

போடாக்ஸ் குப்பி பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. லேபிள்படி அது ஒருவருக்கானது, கலந்தபின் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியது. புருவத்துக்கு நடுவே 20 யூனிட் போட்டால் 100 யூனிட் குப்பியில் 80 மிச்சம், அதைக் கொட்ட யாருக்கும் மனசு வராது, புரிகிறது. நான் 50 யூனிட் குப்பி வாங்கி ஆளுக்கு ஒன்று என்று வைத்து, விலையிலேயே அதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பகிர்ந்துதான் ஆகவேண்டும் என்று செய்பவர்கள் லேபிளைத் தாண்டுகிறோம் என்று தெரிந்தே செய்யுங்கள், குறைந்தபட்சம் ஒருவர் முகத்தைத் தொட்ட சிரிஞ்ச் குப்பிக்குப் பக்கத்தில்கூட திரும்பி வரக்கூடாது.

கழிவைப் பற்றி ஒரு வரி: 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, மருந்துக் குப்பி நீலத்துக்கு. போடாக்ஸுக்கு நாம் எடுக்கிற இன்சுலின் சிரிஞ்சில் நீடில் கழலாது என்பதால் அது முழுசாக வெள்ளைக்கே போக வேண்டும், பிளாஸ்டிக் போகிற சிவப்புப் பைக்கு இல்லை. பையைத் தூக்குகிற அக்காவின் கையில் குத்துவது இந்த இன்சுலின் சிரிஞ்ச்தான்.

கடைசியாக, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று. புருவ நடுவில் ஊசி என்றால் நம் பெண்கள் பொட்டை எடுப்பார்கள். எடுத்து எங்கே ஒட்டுவார்கள்? கிளினிக் கண்ணாடியில், இல்லையென்றால் புறங்கையில். எல்லாம் முடிந்து எழுந்ததும் அதே பொட்டு, அதே பசை, ஐந்து புதுத் துளைகள் இருக்கிற அதே இடம். பல வருஷம் இதை நான் கவனித்ததே இல்லை, கதவைத் தாண்டியபின் நடப்பதுதானே. இப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பைத்தொட்டி வைத்திருக்கிறேன். "பொட்டை அதுல போட்டுடுங்கம்மா, நாளைக்குப் புதுசு வச்சுக்கலாம், குங்குமமும் நாளைக்குத்தான்" என்று சிஸ்டர் சொல்லிவிடுவார். போன வாரம் ஒரு பெரியம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார், வெறும் நெற்றியோடு வெளியே போக மாட்டேன் என்று. சரி என்று புருவத்துக்கு ரொம்ப மேலே, ஊசியே படாத இடத்தில், புதுப் பொட்டு ஒன்றை ஒட்டி அனுப்பினோம்.