ரெவ் லிமிட்டரை ஏற்றிய காரை ஓட்டுகிற தம்பிகளுக்கு

போன மாதம் ஒரு தம்பி தன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். வேறொரு இடத்தில் இசியூ ரீமேப் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது), இன்டேக், பெரிய எக்ஸாஸ்ட் எல்லாம் செய்து, எஞ்சின் ஓர் அளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்கக் கம்பெனி வைத்திருந்த ரெவ் லிமிட்டரையும் நிமிடத்துக்கு 7,500 சுற்றுக்கு ஏற்றியிருந்தார்கள். "ரெண்டு மாசமா நல்லாத்தாண்ணா ஓடுச்சு, நேத்துதான் திடீர்னு சத்தம்" என்றார். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டேன். மூன்றாவது பிஸ்டனின் தலையில் பிறை மாதிரி இரண்டு தடம். பிசைந்த மாவில் நகத்தை அழுத்தினால் விழுமே, அதே போல. வால்வ் வந்து இடித்த தடம் அது.

வால்வைத் திறப்பது கேம் (எஞ்சினோடு சுற்றி வால்வைத் தள்ளும் முட்டை வடிவத் துண்டு), மூடுவது வெறும் ஸ்பிரிங். 7,500 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 62 தடவை திறந்து மூட வேண்டும். கம்பெனி ஸ்பிரிங்குக்கு அந்த வேகம் ஒத்துவராது, வால்வ் திரும்பி வருவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். முதலில் லேசாகத்தான் உரசும், வால்வ் கொஞ்சம் வளையும், கம்ப்ரஷன் குறையும், வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் ஒருநாள் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி), பிஸ்டன் எல்லாம் போச்சு.

இதைவிட எனக்குப் பயம் பிஸ்டனைக் கீழே கிராங்க்‌ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்தான். சுற்று கால் பங்கு கூடினால் ராடை இழுக்கும் விசையும் கால் பங்கு கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். 71.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) உள்ள எஞ்சினில், ராடோடு இணைக்கும் பின்னையும் சேர்த்து 300 கிராம் பிஸ்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், 6,000 சுற்றில் அது உச்சியில் நின்று திரும்பும்போது ராடை ஏறக்குறைய 550 கிலோ பாரத்தோடு இழுக்கும், 7,500ல் 860 கிலோ. எரிந்த புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டனை மேலிருந்து அழுத்த வாயு அழுத்தமும் பெரிதாக இருக்காது, அத்தனை இழுப்பையும் ராடும் அதன் இரண்டு போல்ட்டும்தான் தாங்க வேண்டும்.

"ஹோண்டா எஸ்2000 மட்டும் 9,000 வரை போகுதே" என்று கேட்பார்கள். போகும். அதன் ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராட், வால்வ் ஸ்பிரிங் எல்லாமே அந்தச் சுற்றுக்காகச் செய்தவை. உங்கள் எஞ்சினுக்கு உள்ளே எதுவும் மாறவில்லை, லிமிட்டரை ஏற்றியது சாஃப்ட்வேர் மட்டும். இன்னொன்றும் சொல்கிறேன், கேமைத் தொடாத இந்த மாதிரி எஞ்சினில் 6,000க்கு மேல் பவர் இறங்கத்தான் செய்யும், டைனோ (பவரை அளக்கும் மெஷின்) கிராஃபை வாங்கிப் பாருங்கள். அந்தக் கடைசி 1,500 சுற்றில் சத்தம்தான் கூடுதலாகக் கிடைக்கிறது.

சரி, லிமிட்டர் பழைய இடத்திலேயே இருந்தால் பயமில்லையா? ஆக்ஸிலேட்டர் மிதித்து ஏறும் சுற்றைத்தான் அது தடுக்கும். மூன்றாவது கியரில் 6,000ல் போய், நான்காவதுக்கு இழுக்கும் அவசரத்தில் இரண்டாவதில் விழுந்தால், கிளட்சை விட்ட நொடியில் சக்கரமே எஞ்சினை 9,000 வரை இழுத்துவிடும், எந்த இசியூவாலும் அதைத் தடுக்க முடியாது. எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) தேய்ந்த வண்டிகளில் எஞ்சின் ஆடுவதால் இந்தத் தவறு சுலபமாக நடக்கிறது. பவர் ஏற்றுவதற்கு முன்னால் மவுண்டை மாற்றுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நின்ற இடத்தில் நியூட்ரலில் லிமிட்டரில் வைத்து அடிப்பதும், காலையில் ஆயில் சூடாவதற்குள் முறுக்குவதும் பேரிங்குக்குக் கெடுதல்.

ஓடும்போது ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் விஷயம் செலவோடு நிற்காது. ஆயில் பீய்ச்சி அடித்துச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும், டயருக்குக் கீழே கொட்டினால் வண்டி சறுக்கும். உள்ளே உங்களோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் ஒரு பைக் வந்துகொண்டிருக்கும்.

அதனால் கியர் தவறி விழுந்து முள் சிவப்பைத் தாண்டிவிட்டால், கிளட்சை மிதித்து ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சத்தம் வருகிறதா என்று மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். மெக்கானிக்கிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுவார் என்று பயந்து "சும்மா நின்னுபோச்சு" என்று சொல்பவர்கள்தான் அதிகம். முதலில் பிளக் ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட்டும், சிலிண்டரில் காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட்டும். ஆயில் ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும், மினுமினுப்பாகத் துகள் இருந்தால் பேரிங் கரைய ஆரம்பித்துவிட்டது. அந்தத் தம்பியின் ஃபில்டரில் அது இருந்தது, ஹெட்டோடு முடியவில்லை, எஞ்சினையே இறக்க வேண்டியதாகிவிட்டது.