ஹைப்பர் அரௌசல்: மிகைவிழிப்பு

விபத்திலோ தற்கொலையிலோ ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில், கேதம் கேட்க வந்தவர்கள் கலைந்து பல மாதம் ஆன பிறகும் யாராவது ஒருவர் தூங்காமல் கிடப்பார். காரைக்குடிப் பக்கம் "பொட்டுத் தூக்கம் இல்ல ஆச்சி, கண்ண மூடுனா அவுகதான் வந்து நிக்கிறாக" என்பார்கள். மனநல மருத்துவர்கள் இதில் காணும் நிலைகளில் ஒன்றுதான் ஹைப்பர் அரௌசல்: ஆபத்து எதுவும் இல்லாதபோதும் உடலும் மூளையும் எச்சரிக்கையிலேயே இருப்பது.

'ஹைப்பர்' கிரேக்க முன்னொட்டு. அளவுக்கு மிஞ்சிய என்று பொருள். 'அரௌசல்' ஆங்கிலம், எழுப்புதல், உசுப்புதல். அதற்குள் இருக்கும் 'ரௌஸ்', 15ஆம் நூற்றாண்டில் வேட்டைக்குப் பழக்கிய வல்லூறு இறகை உதறிச் சிலிர்ப்பதைக் குறித்தது.

இதைத் தமிழில் 'மிகைக் கிளர்ச்சி' என்று எழுதலாமா? எனக்கு உடன்பாடில்லை. கிளர்ச்சி என்றதும் போராட்டமும் காமமும்தான் நினைவுக்கு வரும். கணவரை இழந்த பெண்ணிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? 'தூக்கமின்மை'யும் போதாது. அது இன்சோம்னியாவுக்கு உரியது, அந்தச் சொல் இரவை மட்டுமே சொல்கிறது. இவர்களுக்குப் பகலும் கெடுகிறது. பர்மா, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் சாவுச் செய்தி தந்தியில் வந்தது. இப்போது போனில் வருகிறது. அப்படி நடுராத்திரியில் சேதி கேட்டவருக்குப் பட்டப்பகலில் போன் அடித்தாலும் தூக்கிவாரிப் போடும். ஆகவே மிகைவிழிப்பு. விழிப்பில் தூங்காமையும் உண்டு, காவலும் உண்டு. மதுரைக்காஞ்சி ஊர்காவலரைத் 'துஞ்சாக் கண்ணர்' என்கிறது. அதே காவல் இங்கே மூளைக்குள் நடக்கிறது.

தூக்கம் ஆழமாகும்போது மூளையின் மின்னலைகள் வேகம் குறைய வேண்டும். நாள்பட்டுத் தூக்கம் கெட்டவர்கள் பலரிடம், தூங்கும்போதே பீட்டா என்னும் வேக அலைகள் கூடுதலாகப் பதிவாகின்றன. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி உண்டு; விழிப்பைத் தூண்டும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை மூளைக்கு அனுப்புவது முக்கியமாக அதுதான். கனவு வரும் தூக்கத்தில் அது ஏறக்குறைய ஓய்ந்துவிடும். பேரதிர்ச்சிக்குப் பிறகு அது சரியாக ஓயாததால்தான் கெட்ட கனவு வந்து உலுக்கி எழுப்புகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவோ, தூக்கம் குறையக் குறைய இன்னும் எளிதில் பதறும். அப்புறம் அந்தப் பதற்றமே அடுத்த இரவையும் கெடுக்கும்.

துயரம் வேறு, மிகைவிழிப்பு வேறு. இரண்டும் சேர்ந்தும் வரும். இறந்தவரை நினைத்த ஏக்கம் ஆறு மாதத்துக்கு மேலாகவும் அன்றாட வாழ்வை முடக்கிப் போட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு அதை நீடித்த துயரக் கோளாறு என்று தனியே சொல்கிறது.

"அதையே நினைச்சுக்கிட்டுப் படுத்தா எப்படித் தூக்கம் வரும்?" என்று வளவில் பெரியவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். தூங்க முடியாதவருக்கோ அது குற்றச்சாட்டாக விழுகிறது. மூளைத்தண்டை அதட்டி அடக்க யாராலும் முடியாது, தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும் வேண்டாம். பல மாத்திரைகள் பழக்கமாகிவிடும். தூக்கமின்மைக்கென்றே, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. கெட்ட கனவின் போக்கை விழித்திருக்கும்போது மாற்றிக் கற்பனை செய்து பழகும் முறையும் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, நடுராத்திரியிலும் கூப்பிடலாம்.