பக்கவாதத்துக்குப் பின் வீட்டுக்கே வரும் பிசியோ: கேட்டுப் பெறுவது எப்படி?

பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு கேள்வி எழுகிறது: "விஆர் கருவி மாட்டிப் பயிற்சி கொடுத்தால் அப்பாவுக்குக் கை சீக்கிரம் வருமா?"

விஆர் என்பது மெய்நிகர் காட்சி, அதாவது கணினி உருவாக்கும் காட்சிக்குள் நாமே இருப்பது போன்ற உணர்வு. இந்தப் பயிற்சியில் நடப்பது இதுதான். திரையில் தெரியும் பழத்தைப் பறிக்கவோ பந்தைத் தடுக்கவோ நோயாளி கையை நீட்டுவார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை அதை மறுபடி கற்கிறது. விளையாட்டாக இருப்பதால் சலிப்பும் குறைகிறது. சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' கைப்பயிற்சிக் கருவியிலும் கணினி விளையாட்டு உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன், பக்கவாதத்துக்கான விஆர் பயிற்சி பற்றிய 190 ஆய்வுகளை 2025இல் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யும்போது கை அசைவுக்குப் பலன் தெரிகிறது. கூடுதல் நேரம் பயிற்சி கிடைப்பதே இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம். அதனால் விஆர் கருவி கிடைக்கட்டும் என்று காத்திருந்து ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோ) வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் தருவார்கள் என்பது பலருக்கும் தெரியும். பிசியோவும் உண்டு என்பது தெரியாமலே பல குடும்பங்கள் காசு செலவழிக்கின்றன. இதற்குக் கட்டணம் கிடையாது.

உங்கள் பகுதிக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயரைச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். அவர்களைத் தெரியாதென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போகலாம். 104க்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

வருபவர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியவர், தினமும் வர முடியாது. அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், அனுமதி கேட்டுக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அசைவு, எத்தனை முறை, எங்கே நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். தோளைப் பாதுகாப்பது பற்றியும் கட்டாயம் கேளுங்கள். படுக்கையிலிருந்து தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவக்கூடும். அந்த வலி வந்துவிட்டால் நோயாளி பயிற்சிக்கே கையைத் தரமாட்டார்.

தனியார் மையத்தில் விஆர் பயிற்சிக்குப் போவதாக இருந்தால், தலைசுற்றலோ வலிப்போ உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அங்கே போனாலும் வீட்டுப் பயிற்சியை விடவேண்டாம்.