ஓசூருக்கு ஆலை வந்ததால் காப்பர் விலை ஏறாது

இந்த வாரமும் ஒருவர் வந்தார். சிப்காட்டில் காயில் சுற்றிக் கொடுக்கும் சிறு பட்டறை. கையிலிருக்கும் ஆர்டருக்கு ஒரு மாதக் கம்பி போதும். அவரோ வங்கியின் ஓவர்டிராஃப்ட் கடனை (ஓ.டி.) முழுக்க இழுத்து, ஆறு மாதத்துக்கான எனாமல் கம்பியை (மின்காப்புப் பூச்சுள்ள செம்புக் கம்பி) வாங்கி அடுக்கியிருக்கிறார். இப்போது சம்பளம் போடப் பணம் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "சார், சுத்தி சுத்தி பேட்டரி வண்டி (ஈ.வி.) கம்பெனியா வருது. இங்க காப்பருக்கு இருக்கற டிமாண்டுக்கு விலை இனிமே இறங்கவே இறங்காது" என்கிறார். காஸ்ட் அக்கவுண்டண்டாக ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பட்டறைகளின் கணக்கைப் பார்க்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம்.

டிமாண்ட் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, கிருஷ்ணகிரிப் பக்கம் பவர் சப்ளை கருவிகள் செய்யும் டெல்டா என்று செம்பு இல்லாமல் நகராத தொழில்கள் இங்கே வரிசையாக வந்திருக்கின்றன. மோட்டார், சார்ஜர், ஹார்னஸ் (வண்டியின் கம்பிக்கட்டு), பஸ்பார் (மின்சாரம் கடத்தும் பட்டை) எல்லாமே செம்புதான். பெட்ரோல் காருக்குச் சுமார் 23 கிலோ செம்பு என்றால், பேட்டரி காருக்கு 80 கிலோவுக்கு மேல் என்று தொழில்துறையில் கணக்குச் சொல்வார்கள். ஸ்கூட்டருக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் போக்கு அதே போக்குதான்.

ஆனால் இங்கே தேவை கூடினால் இங்கே விலை கூடும் என்பது ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக்குப் பொருந்தும். காப்பருக்குப் பொருந்தாது. உங்களுக்குக் கம்பி தருபவர் சொல்லும் விலை, உலோகங்களுக்கு உலக விலை நிர்ணயமாகும் லண்டன் மெட்டல் எக்சேஞ்சின் டாலர் விலையில் தொடங்குகிறது. அதன்மேல் பிரீமியம், டாலர் மதிப்பு, இறக்குமதி வரி, ராடு (தடித்த கம்பி) போடும் கூலி, கம்பி இழுக்கும் கூலி, எனாமல் கூலி, கடைசியில் 18 சதவீத ஜி.எஸ்.டி. இந்தச் சங்கிலியில் ஓசூர் எங்கே இருக்கிறது? உலகில் சுத்திகரித்த செம்பில் பாதிக்கு மேல் சீனா ஒன்றே பயன்படுத்துகிறது. அங்கே கட்டுமானம் தூங்கினால் நம் கம்பி விலை தூங்கும். சிலியில் ஒரு சுரங்கத்தில் ஸ்டிரைக் என்றால் எழும். 2025 செப்டம்பரில் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு சரிந்து உற்பத்தி நின்றது; விலை துள்ளியது. அந்த நேரத்தில் சிப்காட்டில் எந்த ஆலை புதிதாகத் திறந்தது, சொல்லுங்கள்?

இதைவிடப் பெரிய வாதம் ஒன்றும் உண்டு: "தூத்துக்குடி மூடினதுல இருந்துதான் சார் விலை ஏறுச்சு." தேதி வாரியாகப் பார்ப்போம். ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட அந்த ஸ்டெர்லைட் செம்பு உருக்காலை மூடப்பட்டது 2018 மே மாதம். ஜூன் தொடக்கத்தில் லண்டன் விலை டன்னுக்கு 7,300 டாலர் பக்கம் இருந்தது. ஆகஸ்டில் 6,000 டாலர் அருகே விழுந்தது. ஆலை மூடிய பின் இறங்கியது, ஐயா! அமெரிக்க - சீன வணிகச் சண்டைதான் காரணம். ரூபாயும் சரிந்ததால் இங்கே அந்த இறக்கம் கொஞ்சம் மறைந்தது, அவ்வளவுதான். மூடியதால் உண்மையில் மாறியது வேறு: அதுவரை செம்பு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, வெளியிலிருந்து வாங்கும் நாடாகிவிட்டது. சரக்கு ஜப்பானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வர ஆரம்பித்தது. வந்துசேரும் நாளும் கடன் தவணையும் மாறின. 2024இல் குஜராத்தின் முந்த்ராவில் புது செம்பு உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியபோது விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே பதில்தான்.

இன்னும் நம்பிக்கை வராதவர்கள் 2025 ஜூலை கடைசியைப் பாருங்கள். அமெரிக்கா செம்புக்கு 50 சதவீத வரி போடப்போகிறது என்று நியூயார்க் சந்தை மாதக்கணக்கில் விலையை ஏற்றி வைத்திருந்தது. சுத்திகரித்த செம்புக்கு அந்த வரி இல்லை என்று அறிவித்ததும் அங்கே ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். யாருடைய தேவையும் அன்று மாறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுத்திகரித்த செம்பின் தேவை, கேதோடை, அதாவது சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் செம்புப் பலகையை, ராடாகவோ தகடாகவோ மாற்றும் இடத்தில்தான் கணக்கில் ஏறும். ஸ்கூட்டர் பூட்டும் இடத்தில் அல்ல. நம் ஊரில் ஓடும் கம்பியில் கணிசமானது சில்வாசா போன்ற ஊர்களில் ராடாகி வருவது. பெரிய கம்பெனிகள் எந்தக் கம்பியை யாரிடம் வாங்குவது என்பதையும் தாங்களே சொல்லிவிடுகின்றன, அல்லது மெட்டலையே கொடுத்து ஜாப் ஒர்க்காக வாங்கிக்கொள்கின்றன. ஆலை பக்கத்தில் வந்தால் உங்களுக்கு வருவது கூலி வேலை. அது நல்ல விஷயம்தான், ஆனால் அதற்குக் கிடங்கு நிறையக் கம்பி வேண்டாம்.

2024 மே மாதம் விலை 11,000 டாலரைத் தாண்டியபோது பயந்து வாங்கிக் குவித்தவர்கள், ஆகஸ்டில் அது 9,000க்குக் கீழே போனதைப் பார்த்தார்கள். "அடுத்த வருஷம் ஏறிடுச்சே சார்" என்பீர்கள். ஏறியது, 2025 கடைசியில் 12,000ஐயும் தாண்டியது. அதுவரை வட்டியை யார் கட்டியது? புது விலைக்குக் கம்பி வாங்கிய பக்கத்துப் பட்டறைக்காரர் உங்களைவிடக் குறைத்துக் கொட்டேஷன் கொடுத்தாரே, அப்போது என்ன செய்தீர்கள்?

அதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. ஓராண்டுக்கு ஒரே விலை என்று பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மெட்டல் ஏறியதும் தலையில் கைவைப்பது. தயவுசெய்து கொட்டேஷனை இரண்டு வரியாக எழுதுங்கள். மெட்டல் தனி, கூலி தனி. மெட்டலுக்கு எந்த மாத சராசரி, எந்த டாலர் விலை என்பது எழுத்தில் இருக்கட்டும். வெட்டுக்கழிவு யாருக்கு என்பதையும் சேருங்கள். ஆர்டர் உறுதியான அன்றே அதற்கான கம்பிக்கும் விலை பேசி முடித்துவிடுங்கள். கையிலுள்ள ஆர்டருக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு கிலோவும் சூதாட்டம். வங்கிக்காரர் அதை ஸ்டாக் என்று எழுதிக்கொள்வார், நான் எழுதமாட்டேன்.

எம்.சி.எக்ஸ். என்ற முன்பேர வர்த்தகச் சந்தையில் ஹெட்ஜ் பண்ணுகிறேன் (விலை ஏற்ற இறக்கத்துக்குக் காப்பு எடுக்கிறேன்) என்று வருபவர்களுக்கு: அங்கே ஒரு லாட் 2,500 கிலோ. மாதம் 400 கிலோ வாங்குபவர் ஒரு லாட் எடுத்தால், மீதி 2,100 கிலோவுக்கு அவர் வியாபாரி ஆகிவிடுகிறார். கிலோவுக்கு 10 ரூபாய் நகர்ந்தால் 25,000 ரூபாய். டெலிகிராம் டிப்ஸைப் பார்த்து வாங்கியதை ஹெட்ஜ் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

தருமபுரி, அரூர், பாலக்கோடு பக்கம் போர் மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்யும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விலை ஏறும்போதெல்லாம் செம்பு பூசிய அலுமினியக் கம்பி சந்தைக்கு வரும். கையில் தூக்கினாலே தெரியும். செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் அலுமினியம். ஒரு நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஆயிரம் அடி ஆழத்தில் இறக்கிய மோட்டார் எரிந்தால் விவசாயி உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பார், கம்பி விற்றவரிடம் அல்ல. பழைய காயிலை எடைக்குப் போடுபவர்கள் பில் இல்லாமல் போடாதீர்கள். வாங்குபவர்கள் கவனிக்க: 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கினால் வரியைக் கட்ட வேண்டியது பதிவு பெற்ற நீங்கள்தான். "பில் மட்டும் தர்றேன், சரக்கு வேற இடத்துல எடுத்துக்கோ" என்று யாராவது வந்தால் டீ கூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள். அப்படிப்பட்ட ஒரு பில்லுக்கு இன்புட் (ஜி.எஸ்.டி. வரிக் கழிவு) எடுத்தவரின் நோட்டீஸ் இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. அதற்குப் பதில் எழுதும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.